தலைப்பாகை

பழைய காலுறைக்குள் திணித்துக்
கொண்டுவந்தார் பெர்தலான்.
ரயிலில் முப்பத்தோராண்டு பயணச்சீட்டுப் பார்த்தவர்.
மேசைமேல் அதை வைத்துவிட்டு
சீட்டில்லாதவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"துருக்கியன் தலை" என்றார்.
"புதா கோட்டை விழுந்த அன்று
எங்கள் முன்னோன் ஒருவன் பறித்துவந்தது."

எங்கள் தெப்ரெட்சென் அருங்காட்சியகத்துக்கு
மாதம் இரண்டு துருக்கியர் வருவார்கள்,
பெரும்பாலும் வியன்னாவில் பிறந்தவர்கள்,
அதுவும் பரிசுப்பொருள் கடையில்.
நான் வாயைத் திறக்கவில்லை.
கையுறை மாட்டிக்கொண்டேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் சுங்கான்.
கிண்ணம் முழுக்க ஒரே முகம்:
மீசை, நெரிந்த புருவம்,
நெற்றியை மறைத்துச் சுற்றிச் சுற்றி ஏறும் துணி.
இடக்காதைச் செதுக்கவே இல்லை.
சோம்பேறி என்று நினைத்தேன்.

கடல்நுரைக் கல்லானால் நாக்கில் ஒட்டும்.
யாரும் பார்க்காதபோது நக்கிப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.
மரம்.

காஷ்பார் நுண்ணோக்கியிலிருந்து கண்ணெடுக்காமலே
"பூர்ச்சமரம், அடிமரத்துக் கழலை" என்றான்.
"எந்த ஊர்?"
"குளிர்கிற ஊர்.
அதற்குமேல் மரம் பேசாது, எதெல்கா."

மூடி வெள்ளி.
உட்புறக் கரியை ஈரப்பஞ்சால் ஒற்ற ஒற்ற
மேலே வந்தது ஒரு கழுகு,
இரண்டு தலை.
எங்கள் பழைய பேரரசருக்கும் அதே பறவைதான்;
பென்சிலில் 'வியன்னா' என்று எழுதியும்விட்டேன்.

மறுநாள் சாய்வெயிலில்
மூடியின் வெளிப்புறத்தில்,
சுத்தியல் தட்டித் தட்டி மழுக்கிய இடத்தில்,
தப்பிப் பிழைத்த ஓர் எழுத்து.
ருஷ்யர்கள் புரட்சிக்குப் பின்
தங்கள் நெடுங்கணக்கைவிட்டே வெளியேற்றிய எழுத்து.
கோபெக் காசு.
யாரோ அதைக் குழித்து
ஒரு துருக்கியனுக்கு மூடியாக்கியிருக்கிறார்.

அழிப்பானைத் தேடினேன்.

தொலைபேசியில் சொன்னதும்
அன்றைக்கே வந்துவிட்டார் பெர்தலான்.
கோட்டைக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்று
சுங்கானைத் திருப்பினார். திருப்பினார்.
கோட்டை விழுந்தது இருநூறு ஆண்டுகள் முன்னால் என்றேன்.
அவர் காதில் விழவில்லை.
பின்பக்கம் ஓரிடத்தில்
கட்டைவிரல் நகம் நின்றிருந்தது.

"இது முடிச்சு."

"தட்டை முடிச்சு அம்மா.
ரயில்வேயில் முதலுதவி வகுப்பு வைப்பார்கள்.
படுத்தால் உறுத்தாத இடமாகப் பார்த்து
இப்படித்தான் போடச் சொல்வார்கள்.
தலைப்பாகைக்கு எவன் இதைப் போடுவான்?"

பிறகு நாங்கள் பார்த்தது வேறு முகம்.
நெரிந்த புருவம் கோபமில்லை.
காது இல்லாமலில்லை; கட்டுக்குள் இருந்தது,
அல்லது
கட்டுக்குள்ளும் இல்லை.

கிரஸ்னயார்ஸ்க் முகாமின் கைதிப் பட்டியலில்
அவருடைய தாத்தாவின் அப்பா பெயர் இருக்கிறது,
எழுத்துப்பிழையோடு.
இருபதாம் ஆண்டு ஊர் திரும்பினார்,
இரண்டு காதோடும்.
புகைப்படத்தில் எண்ணிப் பார்த்துவிட்டோம்.
அப்படியானால் இது யார் என்று
நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.
பக்கத்துப் படுக்கை என்று
ஒரே நேரத்தில் நினைத்திருப்போம்.

"அக்காவிடம் துருக்கியன் என்றே சொல்லிவிடுங்கள்"
என்று எழுந்தவர்
காலுறையை மறந்து போனார்.

கிண்ணத்துள் தடித்திருந்த கரியை
ஆய்வகம் மூன்று வாரம் வைத்திருந்தது.
புகையிலை மிகக் கொஞ்சம்.
மற்றதெல்லாம் தேயிலை,
காய்ச்சி வடித்து, காயவைத்து,
பற்றவைத்தது.

இரவு ஒன்பதுக்கு அழைத்துச் சொன்னேன்.
மறுமுனையில் தண்ணீர்க் குழாய் மூடும் சத்தம்.
"எங்கள் வீட்டில்" என்றார் பெர்தலான்,
"தேநீர் போட்டதே இல்லை.
விருந்தாளி கேட்டாலும் காப்பிதான்.
எனக்கு அறுபத்தெட்டு வயது.
பிடிக்காது போலிருக்கிறது என்றுதான்
இதுவரை..."

படிவத்தில் 'செய்தவர்' என்ற கட்டம் காலி.
அதற்குக் கீழே 'சித்திரிக்கப்பட்டவர்' என்று
ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் கோடு போட்டுக்
கையால் ஒன்று வரைந்தேன்.